இ.என். 24 எஃகின் மேற்பரப்பு மட்டும் மென்மையாகிறது: நைட்ரஜன் விட்டும் பயனில்லை

கேள்வி (நாகர்கோவில்):
விசைப்படகு வின்ச்சுகளுக்கு (கயிறு சுற்றி இழுக்கும் பொறிகளுக்கு) இ.என். 24 என்னும் நிக்கல்-குரோமியம்-மாலிப்டினம் கலந்த எஃகில் பின்கள் (இணைப்பு முளைகள்) செய்து, மின் மஃபிள் உலையில் (மூடிய அறைக்குள் பொருளை வைத்துச் சூடாக்கும் உலையில்) 850 பாகை செல்சியஸில் ஒரு மணி நேரம் வைத்து, எண்ணெயில் குளிர்விக்கிறேன். எண்ணெயிலிருந்து எடுத்துத் துடைத்து அரம் போட்டால் அரம் கடிக்கிறது, அதாவது மேற்பரப்பு மென்மையாக இருக்கிறது. கால் மில்லிமீட்டர் கிரைண்டிங் செய்துவிட்டுப் போட்டால் அதே இடத்தில் அரம் வழுக்குகிறது, அதாவது உள்ளே கடினமாகியிருக்கிறது. சிலிண்டரிலிருந்து உலைக்குள் நைட்ரஜன் விட்டும் பெரிய மாற்றமில்லை. மழைக்காலத்தில் இன்னும் மோசம். வெப்பநிலையைக் குறைக்க வேண்டுமா?

மறுமொழி (தக்கலை):
வேண்டாம், அண்ணாச்சி, 850 வரம்புக்குள்தான் இருக்கிறது. மேற்பரப்பில் இருந்த கார்பன் போய்விட்டது, அதுதான் கோளாறு. இந்த எஃகில் கார்பன் சுமார் 0.4 சதவீதமே உண்டு. அதிலும் இழந்தால் அந்த அடுக்கு கடினமாகாது. நைட்ரஜன் காற்றைத் தள்ளி வைக்குமே தவிர, போன கார்பனை ஈடுகட்டாது. நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்வதால், மூடிக் கிடந்த உலையின் செங்கல் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். அந்த ஈரம் சூட்டில் நீராவியாகி, எஃகின் கார்பனைக் கார்பன் மோனாக்சைடாக்கி வெளியே கொண்டுபோகிறது. ஆகவே முதலில் வெறும் உலையைச் சூடாக்கி நன்கு உலர்த்துங்கள், கதவிடுக்கில் காற்று புகாமல் தடுக்கும் கயிற்றடைப்பை மாற்றுங்கள், உலையின் கொள்ளளவைப் போல் ஐந்து மடங்கு நைட்ரஜனாவது உள்ளே சென்று பழைய காற்றை வெளியேற்றிய பிறகு சூடேற்றுங்கள்.

மறுமொழி (மார்த்தாண்டம்):
சிறு எண்ணிக்கைக்கு எளிய வழி, மூடியுள்ள இரும்புப் பெட்டியில் பின்களை வைத்து, எண்ணெய்ப் பசையில்லாத வார்ப்பிரும்புச் சுருளை (வார்ப்பிரும்பைக் கடையும்போது விழும் சீவல்களை) அவற்றைச் சுற்றிலும் நிரப்பி, விளிம்பைக் களிமண்ணால் பூசி வைப்பதுதான். உள்ளே நுழையும் ஆக்சிஜனைச் சுருளே வாங்கிக்கொள்ளும். சிரட்டைக்கரி மலிவாகக் கிடைக்கிறதே என்று அதில் புதைத்துவிடாதீர்கள். மேற்பரப்பு வேண்டாத கார்பனை ஏற்று, பின்னர் விரிசலுக்கு இடம் கொடுக்கலாம். பெட்டியின் நடுப்பகுதி தாமதமாகவே சூடேறும் என்பதால், ஊறும் நேரத்தை (அந்தச் சூட்டிலேயே வைத்திருக்கும் நேரத்தை) உள்ளிருக்கும் பின்கள் சூடானதிலிருந்து கணக்கிடுங்கள்.

மறுமொழி (தக்கலை):
ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். நைட்ரஜனோடு மெத்தனால் சொட்டவிட்டால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் உண்டாகி மேற்பரப்பைக் காக்கும். பெரிய ஆலைகளில் அதுவே வழக்கம். ஆனால் 760 பாகைக்குக் கீழே இருக்கும் உலையில் எரியும் வாயுவை விட்டால் அது தானே தீப்பிடிக்காமல் சேர்ந்து நின்று வெடிக்கும். வெளியேறும் வாயுவை எரிக்கும் சுடரும் பாதுகாப்புப் பூட்டுகளும் இல்லாத மஃபிளில் தயவுசெய்து முயலாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. மெத்தனால் பக்கம் போகமாட்டேன். பெட்டி முறையில் முதலில் இரண்டு பின்களை வைத்து, கிரைண்டிங் செய்யாமலே அரம் போட்டுப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.