மறு: எபிடோப் – 'பிடியிடம்' சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம். எபிடோப் என்பது, கிருமியின் புரதத்தில் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி, கிருமியைப் பிடிக்க உடல் உண்டாக்கும் புரதம்) வந்து பிடிக்கும் இடம். அதற்குத் தமிழில் 'பிடியிடம்' என்று சொல்லலாமா என்று கேட்டிருந்தேன். அதற்கு வந்த பதில்களுக்கு என் மறுமொழி இது.

> 'எதிர்ப்புத் தூண்டிடம்' என்றே வைத்துக்கொள்ளலாமே. தடுப்பூசி பற்றிய கட்டுரைதானே, உடனே புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரிந்துவிடும் என்பதுதான் என் கவலை. டெங்குத் தடுப்பூசியைக் கணினியில் வடிவமைப்பது பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். பத்திக்குப் பத்தி இந்தச் சொல் வருகிறது. 'எதிர்ப்புத் தூண்டிடம்' என்று போட்டு இரண்டு பக்கம் எழுதியும் பார்த்தேன். மேலுறைப் புரதத்தைப் பற்றிய பகுதிக்கு வந்ததும் சொல் இடறிவிட்டது.

டெங்கு வைரஸின் மேல் இந்த மேலுறைப் புரதம், அதாவது ஈ (E) புரதம், 180 இருக்கிறது. இரண்டிரண்டாகச் சேர்ந்து, 90 இணைகளாகப் படுத்துக் கிடக்கும். ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சின்ன வளையம். வைரஸ் செல்லுக்குள் நுழையும்போது சவ்வில் செருகிக்கொள்வது அதுதான். நான்கு வகை டெங்குவிலும் இந்த வளையம் ஏறக்குறைய ஒரே மாதிரி. அதனால் அதைப் பிடிக்கும் எதிர்ப்பொருள் நான்கையுமே பிடிக்கும். கேட்க நல்ல செய்திதான். ஆனால் இணை சேர்ந்திருக்கும்போது வளையம் பக்கத்துப் புரதத்தை ஒட்டி மறைந்திருக்கும், எதிர்ப்பொருளுக்குச் சரியாக எட்டாது. அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பிடித்தால் வைரஸ் முடங்குவதில்லை. எதிர்ப்பொருளின் வால்பகுதியைப் பற்றி உள்ளே இழுக்கும் வெள்ளணுக்கள் சில உண்டல்லவா, அவற்றுக்குள் வைரஸும் கூடவே போய்ப் பெருகிவிடும். ஒரு வகை வந்து போனவருக்கு இன்னொரு வகை வரும்போது நோய் கடுமையாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். டெங்வாக்ஸியா என்ற டெங்குத் தடுப்பூசி விஷயத்திலும், முன்பு டெங்கு வராதவர்களுக்குப் போட்டால் பின்னால் நோய் கடுமையாகக்கூடும் என்று தயாரித்த நிறுவனமே 2017-இல் அறிவிக்க வேண்டியதாயிற்று.

அந்த வளையத்துக்குப் போய் 'எதிர்ப்புத் தூண்டிடம்' என்று பெயர் வைத்தால், காப்பாற்றுவேன் என்று பெயரே வாக்குக் கொடுத்துவிடுகிறது. 1960-இல் நோயெதிர்ப்பு ஆய்வாளர் நீல்ஸ் யெர்னே எபிடோப் என்ற சொல்லை உருவாக்கியபோது கிரேக்கத்திலிருந்து எடுத்தது 'மேல்', 'இடம்' என்ற இரண்டை மட்டும்தான். நல்லது கெட்டது எதுவும் அதில் இல்லை. நம் சொல்லும் அந்த அளவோடு நிற்கட்டும். எதிர்ப்பொருள் பிடிக்கிற இடம், ஆகவே பிடியிடம்.

சொல் வாக்கியத்தில் நிற்கிறதா என்று பார்க்க, கட்டுரையிலிருந்து ஒரு துண்டு:

"இரண்டு ஈ புரதங்களும் சேர்ந்து படுத்திருந்தால் மட்டுமே உருவாகும் பிடியிடம் ஒன்று உண்டு. அதைப் பிடிக்கும் எதிர்ப்பொருள்களில் சில நான்கு வகையையும் முடக்குகின்றன. ஆனால் தனியாகத் தயாரித்த ஈ புரதம் உடல் வெப்பத்தில் இணை பிரிந்துவிடுகிறது. அப்போது வேண்டிய பிடியிடம் குலைந்து, வேண்டாத பிடியிடம் வெளியே தெரிகிறது. எந்தெந்த அமினோ அமிலங்களை மாற்றினால் இணை பிரியாமல் நிற்கும் என்பதைக் கணினியில் கணக்கிட்டு, தேர்ந்தவற்றை மட்டும் ஆய்வகத்தில் செய்து பார்க்கிறார்கள்."

'வேண்டாத பிடியிடம்' என்பது இயல்பாக உட்கார்ந்துவிட்டது. 'வேண்டாத எதிர்ப்புத் தூண்டிடம்' என்று படித்துப் பாருங்கள், தலை சுற்றும். மற்றக் கூட்டுச்சொற்களும் தடையில்லாமல் வருகின்றன: அமினோ அமில வரிசையிலேயே அமைவது தொடர் பிடியிடம், புரதம் மடிந்தபின் உருவாவது மடிப்புப் பிடியிடம். பிடியிடக் கணிப்பு (பிடியிடங்களை மென்பொருளால் முன்கூட்டிக் கணிப்பது) என்பதும் நாக்கை இடறவில்லை.

> கைப்பிடி மாதிரி ஒலிக்கிறதே?

ஒலிக்கட்டும். எந்தக் கை வந்து பிடிக்கும் என்பதைக் கைப்பிடி முடிவு செய்வதில்லை. பிடியிடமும் அப்படித்தான்.

நேற்று மருத்துவ நண்பர் ஒருவர் டி செல்லைப் பற்றி (நோயெதிர்ப்பில் பங்கெடுக்கும் ஒரு வகை வெள்ளணு) கேட்டதுதான் கடினமான கேள்வி. அங்கே நம் செல்லிலேயே இருக்கும் எச்எல்ஏ (HLA) என்ற புரதம், வைரஸ் புரதத்திலிருந்து பெரும்பாலும் ஒன்பது அமினோ அமிலம் நீளமுள்ள ஒரு துண்டை, செல்லுக்கு வெளியே நீட்டிக் காட்டுகிறது. டி செல் வந்து அதைப் பிடிக்கிறது. இரண்டையுமே 'பிடித்தல்' என்றால் குழப்பம்தான். அதனால் முதலாவதை 'ஏந்துதல்' என்று பிரித்துவிடலாம் என்று தோன்றுகிறது. எச்எல்ஏ ஏந்தும், டி செல் பிடிக்கும். இது சொல்லழகுக்காக மட்டும் இல்லை. கணிப்பு மென்பொருள்கள் பல முதன்மையாகச் சொல்வது ஒரு துண்டு ஏந்தப்படுமா என்பதைத்தான். ஏந்தப்பட்ட எல்லாத் துண்டையும் டி செல் பிடித்துவிடுவதில்லை. டெங்கு, சிக்குன்குனியா, ஜிகா எதுவானாலும் மென்பொருள் ஒரு நீளமான பட்டியலைக் கொடுத்ததும் 'இத்தனை பிடியிடங்கள் கண்டுபிடிப்பு' என்று எழுதிவிடுகிறோம். அவை 'ஏந்தக்கூடிய துண்டுகள்' என்றுதான் எழுதப்பட வேண்டும். இரண்டு வினையும் தனித்தனியாக இருந்தால் எழுதுபவருக்கே அந்த இடத்தில் கை நிற்கும்.

மறுப்பு இருந்தால் தயங்காமல் எழுதுங்கள். பாரடோப்புக்கு, அதாவது எதிர்ப்பொருளில் பிடிக்கும் பகுதிக்கு, 'பிடிவாய்' என்று குறித்து வைத்திருக்கிறேன். அதில் எனக்கு இன்னும் முழு நிறைவு இல்லை. இதைவிட நல்லது தோன்றினால் சொல்லுங்கள்.

அன்புடன்