சங்கீதம் துணைப்பாடம்: திருகோணமலையில் நான் கண்ட பிள்ளைகள்

பட்டப்படிப்பில் சங்கீதத்தைத் துணைப்பாடமாக எடுத்த பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான்: "ரீச்சர், இதை வைத்து நியமனம் கிடைக்குமா?" சங்கீதத்தையே முதன்மைப் பாடமாகப் படித்தவர்கள் மட்டக்களப்பு கல்லடியிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் பட்டத்தோடு வந்து காத்திருக்கிறார்கள். பாடசாலை நியமனத்தில் அவர்களுக்குப் பின்னால்தான் நம் பிள்ளைகள் நிற்க வேண்டும். இதை மறைத்து ஆசை காட்டுவது பாவம். ஆனால், துணைப்பாடத்தை முதன்மைப் பாடத்தோடு சேர்த்துப் பிழைப்பாக்கிக் கொண்டவர்களை இந்த ஊரிலேயே பார்த்திருக்கிறேன்.

என் பழைய மாணவி ஒருத்தி வரலாற்றோடு சங்கீதம் படித்தவள். சுற்றுலா வழிகாட்டி உரிமம் பெற்று, நிலாவெளி விடுதிகளில் தங்குபவர்களைக் கோணேசர் கோயிலுக்கு அழைத்து வருகிறாள். ஒரு காலை நான் அங்கே நின்றபோது உள்ளே தேவாரம் கேட்டது. வந்தவர்களில் ஒருவர், "இது மந்திரமா, பாட்டா?" என்று கேட்டார். சம்பந்தர் இராமேசுவரத்தில் நின்றபடியே கோணமலையை நினைத்துப் பாடிய பதிகம் இது என்றாள். அதன் பண், அதாவது பழைய தமிழ் ராகம், புறநீர்மை, இன்று பூபாள ராகத்தில் பாடுகிறார்கள் என்று சொல்லி, ச ரி க ப த என்று ஐந்து சுரங்களையும் மெல்லப் பாடிக் காட்டினாள். கமெராக்கள் தாழ்ந்தன. கோட்டை, இராவணன் வெட்டு, கடல் என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்வதைக் கேட்டு வந்தவர்கள், அவள் பாடி முடிக்கும்வரை நகரவில்லை. அவளைத்தான் வேண்டும் என்று விடுதிக்காரர்கள் இப்போது கேட்டு வாங்குகிறார்கள். எனக்கு அதைவிடப் பெருமை வேறில்லை.

இன்னொரு தம்பி கணினி படித்தவன், மிருதங்கமும் தெரியும். திருவிழா மேடைகளுக்கு ஒலியமைப்புச் செய்கிறான். பாடகி தன் சுருதி "ஐந்தரைக் கட்டை" என்றால் அவனிடம் விளக்க வேண்டியதில்லை. சுருதிப்பெட்டியை அவனே சரிபார்த்து வைத்துவிடுவான். மிருதங்கத்தின் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி மைக் வைத்து, தாழ்ந்த ஒலி தரும் பக்கமான தொப்பியின் கும்காரம் பாட்டை அமுக்காமல் பார்த்துக்கொள்வான். நம் கச்சேரிகளைக் கெடுப்பது பெரும்பாலும் பாடுபவர்கள் அல்லர், மைக்கைக் கையாள்பவர்கள்தான் என்பது என் உறுதியான எண்ணம். காதுள்ள ஒலியமைப்பாளருக்கு இந்த மாவட்டத்தில் வேலை குறையாது.

பேச்சுச் சிகிச்சை பற்றியும் சிலர் கேட்கிறார்கள். அதற்குத் தனிப் பட்டம் வேண்டும். களனிப் பல்கலைக்கழகத்தின் றாகம மருத்துவ பீடத்தில் அது இருக்கிறது. உயர்தரத்தில் என்ன பாடங்கள் கேட்கிறார்கள் என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். சங்கீதம் அங்கே காதுக்குத் துணை, தகுதிக்கு அல்ல.

மாலையில் வீட்டு வகுப்பு எடுக்க நினைப்பவர்கள் வட இலங்கை சங்கீத சபையின் தரப் பரீட்சைகளைப் பாதியில் விட்டுவிடாதீர்கள். பட்டச் சான்றிதழில் துணைப்பாடம் ஒரு வரிதான். ஆசிரியர் தரம் முடித்தவர் என்றால் பெற்றோர் பேச்சின்றிப் பிள்ளையைச் சேர்க்கிறார்கள்.

கணக்கியலோடு சங்கீதம் படித்து வேலைக்குப் போனவர்கள் மூதூரிலோ கிண்ணியாவிலோ இருந்தால் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். என்னிடம் படிக்கும் ஒரு பிள்ளை இந்த மாதம் பாடத்தெரிவைக் கொடுக்க வேண்டும். அவளுடைய அப்பா இன்னும் சம்மதிக்கவில்லை.