'கெட்' வரும் இடத்தில் எல்லாம் 'ரிசீவ்' போடலாமா?

ஐயம்21:
ஆங்கிலத்தில் 'கெட்' பேச்சுவழக்குச் சொல், கட்டுரையிலும் அலுவலகக் கடிதத்திலும் குறையுங்கள் என்கிறார்கள். அகராதியில் முதல் பொருள் 'பெறு'. அதனால் எல்லா இடத்திலும் 'ரிசீவ்' போட்டால் பாதி வாக்கியம் கெட்டுப்போகிறது. கீழே உள்ள ஐந்திலும் 'கெட்'டின் இறந்தகாலமான 'காட்'டை எடுத்துவிட்டு என்ன போடுவது?

1. ஐ காட் யுவர் லெட்டர்.
2. ஷீ காட் ஆங்ரி.
3. வீ காட் ஹோம் லேட்.
4. ஹீ காட் த ரூஃப் ரிப்பேர்ட்.
5. ஐ காட் ஹிம் டு சைன்.

வினைத்தொகை:
'ரிசீவ்' முதல் வாக்கியத்துக்கு மட்டும்தான் பொருந்தும். 'கெட்'டின் பொருளை அந்தச் சொல்லில் தேடாதீர்கள், அதற்கு அடுத்து என்ன வருகிறது என்று பாருங்கள். கடிதம், பணம் போலப் பெயர்ச்சொல் வந்தால் 'பெறு'. 'ஆங்ரி', 'கோல்ட்' போலத் தன்மையைச் சொல்லும் சொல் வந்தால் 'ஆகு', எனவே இரண்டாவது 'பிகேம் ஆங்ரி'. இடம் வந்தால் 'போய்ச்சேர்', அதனால் மூன்றாவது 'ரீச்ட் ஹோம்'. நான்காவதில் கூரையை அவரே சரிசெய்யவில்லை, ஆள் வைத்துச் செய்வித்தார். அங்கே 'ஹேட் த ரூஃப் ரிப்பேர்ட்'. 'ரிப்பேர்ட் த ரூஃப்' என்று சுருக்கினால் அவரே ஏணி போட்டு ஏறியதாகிவிடும். ஐந்தாவது 'பெர்ஸ்வேடட் ஹிம் டு சைன்'.

சொல்லாய்வு:
'பெறு' என்ற பொருளிலும் ஒரே மாற்றுச்சொல் போதாது. ஒருவர் அனுப்பியது கைக்கு வந்தால் 'ரிசீவ்'. விண்ணப்பித்து, அலைந்து வாங்கினால் 'அப்டெயின்': அனுமதி, சான்றிதழ், தகவல் எல்லாம் இதில் அடங்கும். திறமை, சொத்து, பெயர் போலச் சேர்த்துக்கொள்வது 'அக்வயர்'. போய் எடுத்துக்கொண்டு திரும்புவது 'ஃபெட்ச்'. காசு கொடுத்து வாங்கியது என்றால் தயங்காமல் 'பாட்' என்றே எழுதுங்கள். சளி பிடித்ததற்கு இவை எதுவும் உதவாது, அது 'காட் எ கோல்ட்' இல்லையென்றால் 'கேட்ச்' வினையின் இறந்தகாலமான 'காட்'... இங்கே தமிழ் எழுத்தில் இரண்டும் குழம்பும், ஆகவே நிகழ்காலத்தில் சொல்கிறேன்: 'கெட் எ கோல்ட்', 'கேட்ச் எ கோல்ட்'.

ஐயம்21:
'கெட்'டும் 'பிகம்'மும் ஒன்று என்றால், 'பிகம் எ டாக்டர்' என்பதை 'கெட் எ டாக்டர்' என்று எழுதலாமா?

வினைத்தொகை:
கூடாது. அது 'மருத்துவரை அழைத்து வா' என்றாகிவிடும். பெயர்ச்சொல் முன்னால் 'கெட்'டுக்கு 'ஆகு' என்ற பொருளே கிடையாது. தன்மைச் சொற்களிலும் விலக்கு உண்டு. பார்வை, செவி, புத்தி போவதற்கு 'கோ' வரும்: 'கோ பிளைண்ட்', 'கோ டெஃப்', 'கோ மேட்'. உணவு கெட்டால் 'கோ பேட்'. நிறம் மாறினால் 'டர்ன் ரெட்'. 'பிகம்' போட்டால் பார்வைக்கும் செவிக்கும் பிழையில்லை, 'கெட்' போட்டால்தான் காதில் இடறும்.

எச்சம்:
ஐந்தாவது வாக்கியத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், தமிழர் அதிகம் சறுக்கும் இடம் அது. 'கையெழுத்துப் போட வைத்தேன்' என்று நாம் ஒரே வினையில் முடித்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் அது மூன்றாகப் பிரியும். 'காட் ஹிம் டு சைன்' என்றால் பேசி இணங்க வைத்தது. 'மேட் ஹிம் சைன்' என்றால் வேறு வழியில்லாமல் செய்தது. 'ஹேட் ஹிம் சைன்' என்றால் சொன்னதும் அவர் செய்தது. 'கெட்'டுக்குப் பின் 'டு' கட்டாயம், 'மேக்', 'ஹேவ்' இரண்டுக்கும் கூடாது. 'மேக்' செயப்பாட்டு வினையானால் மட்டும் 'டு' திரும்பி வரும்: 'ஹீ வாஸ் மேட் டு சைன்'.

சொல்லாய்வு:
ஒரேயடியாகத் தேடி மாற்றுகிறீர்கள் என்றால் 'ஹேவ் காட்'டில் 'பெறு' பொருள் தரும் சொற்களைப் போடாதீர்கள். 'ஐ ஹேவ் காட் டூ சிஸ்டர்ஸ்' என்பதில் பெறுவது எதுவும் இல்லை, 'இருக்கிறார்கள்' என்பதே பொருள், 'ஹேவ்' மட்டும் வைத்தால் போதும். 'ஹேவ் காட் டு' வந்தால் 'மஸ்ட்'. அமெரிக்க வழக்கில் 'ஹேஸ் காட் எ கார்' என்றால் கார் இருக்கிறது, 'ஹேஸ் காட்டன் எ கார்' என்றால் புதிதாகக் கிடைத்திருக்கிறது. பிரிட்டனில் 'காட்டன்' பொதுவாக வராது.

ஐயம்21:
சரிபார்த்துச் சொல்லுங்கள்: 'வீ ரீச்ட் டு ஹோம் லேட்' சரியா? 'ஹீ காட் இஞ்சர்ட்' என்பதை 'ஹீ வாஸ் இஞ்சர்ட்' என்று மாற்றலாமா?

எச்சம்:
'வாஸ் இஞ்சர்ட்' சரி, எழுத்து நடைக்கு அதுதான் பொருத்தம். முதல் வாக்கியத்தில் 'டு'வை எடுங்கள். 'ரீச்' நேரடியாக இடத்தைப் பிடிக்கும்: 'ரீச்ட் ஹோம்', 'ரீச்ட் த ஸ்டேஷன்'. 'அரைவ்' போட்டால் ஸ்டேஷனுக்கு முன் 'அட்' வேண்டும், 'ஹோம்' முன் அதுவும் வேண்டாம்.