தனித்து வாழ்ந்த செல் ஏன் கூட்டமாயிற்று?

கேள்வி (கோபிசெட்டிபாளையம், உயிரியல் ஆசிரியை):
வகுப்பில் பல செல்கள் கோளமாகச் சேர்ந்து வாழும் பச்சைப்பாசியான வால்வாக்ஸின் படத்தைக் காட்டியபோது மாணவி ஒருத்தி கேட்ட கேள்வி இது. அதன் உறவினமான கிளாமிடோமோனாஸ் என்னும் பாசி ஒற்றைச் செல்லாகவே நீந்தி, உணவு தயாரித்து, பெருகியும் விடுகிறது. அப்படியிருக்க, சேர்ந்து வாழ்வதில் அதற்கு என்ன ஆதாயம்? முதல் படி எவ்வாறு நிகழ்ந்திருக்கும்?

மறுமொழி 1 (கோவை, கல்லூரி விரிவுரையாளர்):
அம்மா, வாழையின் பக்கக் கன்று தாய்மரத்தை விட்டுப் பிரியாமல் நிற்பதுபோல, பிளவுற்ற செல்கள் விலகாமல் ஒட்டிக்கொண்டதே பல இனங்களில் முதல் படி என்று கொள்ளலாம். 2012-இல் ராட்கிளிஃப், டிராவிசானோ என்னும் ஆய்வாளர்களின் குழுவினர் ஒற்றைச்செல் பூஞ்சையான ஈஸ்ட்டைக் குழாயில் வளர்த்து, அடியில் விரைந்து படிந்ததை மட்டும் நாள்தோறும் புதுக் குழாய்க்கு மாற்றினர். இரண்டே மாதங்களில் பனித்துகள் வடிவக் கொத்துகள் தோன்றின. தாய்ச் செல்லிலிருந்து சேய்ச் செல்லைப் பிரிக்க உதவும் ஏஸ்2 என்னும் மரபணு பழுதானதே காரணம் என்பது பின்னர் தெரியவந்தது. ஒரே ஒரு மரபணு!

மறுமொழி 2 (பொள்ளாச்சி):
ஆதாயம் என்னவென்பதற்கு விடை, எதிரிதான். 2019-இல் வெளியான ஆய்வொன்றில் கிளாமிடோமோனாஸுடன் அதை உண்ணும் பாரமீசியத்தையும் சேர்த்து வளர்த்தபோது, ஐந்து கூட்டங்களுள் இரண்டு, சுமார் 750 தலைமுறைகளுக்குள் பலசெல் அமைப்பைப் பெற்றன. வாயில் நுழையாத இரை தப்பிவிடுகிறது, அவ்வளவே.

மறுமொழி 3 (ஈரோடு):
இருவர் கூறியதும் சரியே. ஆயினும் கொத்தை உடனே ஓர் உயிரி என்று அழைக்க நான் தயங்குவேன். பசி வந்ததும் வெவ்வேறு இடங்களிலிருந்து ஊர்ந்துவந்து திரளும் டிக்டியோஸ்டீலியம் அமீபாக்களில், ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வித்துகளைத் தாங்கும் காம்பாகி மடிய, எஞ்சியவை வித்துகளாகின்றன. உறவில்லாச் செல்கள் அதில் கலந்தால், காம்பாகாமல் நழுவி வித்தாக மட்டுமே மாறும் ஏமாற்றுக்காரச் செல்கள் பெருக வழியுண்டு. ஒரே செல்லின் வழித்தோன்றல்களான கொத்தில் அந்தப் பூசலுக்கு இடம் குறைவு. வால்வாக்ஸ் கார்ட்டெரி என்னும் வால்வாக்ஸ் இனத்தில் நீந்துவதற்கென ஏறத்தாழ 2,000 செல்கள், இனப்பெருக்கத்திற்கெனப் பதினாறு பெரிய செல்கள் மட்டுமே. முன்னவை பிளவுறுவதே இல்லை. இந்த வேலைப் பிரிவினையைத்தான் எல்லைக்கோடாக நான் கருதுகிறேன்.

கேள்வி கேட்டவர்:
நன்றி ஐயா. அந்த ஈஸ்ட் கொத்துகள் எவ்வாறு இனம் பெருக்குகின்றன?

மறுமொழி 1:
கிளைகள் நெருக்கித் தள்ளும்போது ஓரிடத்தில் இணைப்பு முறிந்து, உடைந்த துண்டு தனிக் கொத்தாக வளர்கிறது. இடையிடையே சில செல்கள் மடிவதும் முறிவை எளிதாக்குகிறது. ஆக்சிஜனின்றி வளர்த்த கொத்துகள், விரைந்து படிவதை மட்டும் எடுக்கும் அதே தேர்வு 600 சுற்று நடந்தபின் 20,000 மடங்கு பெரிதாகி, வெறுங்கண்ணுக்கே தெரிந்தன என 2023-இல் அறிவித்தனர். நீண்டுபோன செல்களின் கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டதால் அவை எளிதில் உடையவில்லை.