ஹெட்ஃபோனில் சரியாகக் கேட்கும் ரீமிக்ஸ், பாக்ஸில் ஓட்டினால் குரலையும் கிக்கையும் இழப்பது ஏன்?

கொருக்குப்பேட்டை_கேரம் | ஞாயிறு, இரவு 10.20

வணக்கம். எங்கள் தெருக் கேரம் மன்றத்தில் ஞாயிறு மாலைதோறும் ஒரு வழக்கம் உண்டு. ஆளுக்கு இரண்டு பாட்டு கொண்டுவர வேண்டும். அது ஆடவைக்கும் மின்னிசையாகவோ கிளப் ரீமிக்ஸாகவோ இருக்க வேண்டும். ஏன் பிடிக்கிறது என்று கொண்டுவந்தவர் இரண்டு வாக்கியமாவது சொல்ல வேண்டும். இதுவரை ஒரு சிறிய ப்ளூடூத் ஸ்பீக்கரில்தான் கேட்டுவந்தோம். அடுத்த ஞாயிறு மன்றத்தின் ஆண்டு விழா என்பதால், ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது எங்கள் தெருவில் கட்டும் இரண்டு பாக்ஸையும் ஆம்பையும் எட்டுச் சேனல் மிக்சரையும் தெரிந்த சவுண்ட் சர்வீஸ்காரரிடம் முன்கூட்டியே வாங்கி, இன்று சோதித்துப் பார்த்தோம்.

மொபைலில் ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்டால் குறையே இல்லாத அதே கோப்பு, பாக்ஸில் வேறு பாட்டாக வருகிறது. முதலில், சுசான் வேகாவின் 'டாம்ஸ் டைனர்' பாட்டை டிஎன்ஏ என்ற பிரிட்டன் இரட்டையர் 1990இல் செய்த ரீமிக்ஸை ஓட்டினோம். பாடகியின் குரல் ஏறக்குறைய இல்லை. அதன் எதிரொலி மட்டும் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் மிச்சமிருந்தது. அடித்தாள டிரம்மின் கிக் விழ வேண்டிய இடத்தில், பக்கத்துப் பலகையில் ஸ்டிரைக்கர் காயை அடிக்கும் 'தட்' சத்தம்தான் கேட்டது. அடுத்து, ஆஷா போஸ்லேயைப் போற்றி கார்னர்ஷாப் குழு பாடி, நார்மன் குக் வேகம் கூட்டி ரீமிக்ஸ் செய்து, 1998இல் பிரிட்டன் பட்டியலில் முதலிடம் பிடித்த 'ப்ரிம்ஃபுல் ஆஃப் ஆஷா'. அதற்கும் அதே கதி. மூன்றாவதாக டோனா சம்மரின் 'ஐ ஃபீல் லவ்'. குரலும் கிக்கும் போயின; ஆனால் அந்தத் துடிக்கும் பேஸ் வரி மட்டும் ஒன்றும் ஆகாமல் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாம் போயிருந்தால் ஆம்ப் கெட்டுவிட்டது என்று விட்டிருப்பேன். இது ஒன்று மட்டும் எப்படித் தப்பியது என்பதுதான் விளங்கவில்லை.

பழைய ஒயர் அறுந்துவிட்டதால் புது ஆக்ஸ் ஒயர் வாங்கியிருந்தோம். அதன் இரு முனையிலும் ஹெட்ஃபோனில் இருப்பது போன்ற சிறிய இபி பின் இருக்கிறது. மிக்சர் பக்கம் மட்டும், அதைப் பெரிய பின்னாக மாற்றும் பி-38 அடாப்டர் ஒன்றை மாட்டி, 3ஆம் சேனலின் லைன் துளையில் செருகினோம். மிக்சரில் பேஸ் குமிழை முழுதும் திருப்பியும் பயனில்லை.

ராயபுரம்_ரசிகர் | ஞாயிறு, இரவு 11.05

பட்டியல் அருமை. எனக்குக் கோப்பின் மேல்தான் சந்தேகம். இணையத்திலிருந்து 128 கிலோபிட்டில் இறக்கி, பிறகு 320 என்று மாற்றிக் கைமாறும் கோப்புகள் ஏராளம்; முதல் சுருக்கத்தில் போன ஒலி, எண்ணைப் பெரிதாக்குவதால் திரும்பி வராது. 'தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல்' என்று நீங்கள் எழுதியது, சுருக்கம் மிகுந்த எம்பி3 கோப்புக்கு உரிய குணம். வேடிக்கை என்னவென்றால், எம்பி3 முறையை உருவாக்கியவர்களில் ஒருவரான கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க், தம் சுருக்கமுறையைச் செப்பனிடும்போது திரும்பத் திரும்பக் கேட்ட பாட்டு, துணைக்கருவி ஏதுமின்றி வெறும் குரலில் சுசான் வேகா பாடிய அதே 'டாம்ஸ் டைனர்'தான். நண்பர்களிடமிருந்து வாட்ஸ்அப்பில் வாங்கும்போது ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். கோப்பு உள்ளது உள்ளபடி வந்துசேரும்.

கொருக்குப்பேட்டை_கேரம் | திங்கள், காலை 7.10

நன்றி. ஆனால் மூன்றையும் விலை கொடுத்து வாங்கிய கோப்புகளிலிருந்தே ஓட்டினேன். அதே மொபைல், அதே கோப்பு, ஹெட்ஃபோனில் கிக் நெஞ்சில் இடிக்கிறது. கோப்பைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தண்டையார்பேட்டை_27 | திங்கள், காலை 9.30

இரண்டு பாக்ஸில் ஒன்றுக்கு ஒயர் தலைகீழாக மாட்டியிருக்கலாம். சிவப்பும் கருப்பும் இடம் மாறினால், ஒரு பாக்ஸின் கோன் முன்னே வரும்போது மற்றதன் கோன் பின்னே போகும்; பேஸ் நடுவழியில் ஒன்றையொன்று தின்றுவிடும். ஒரு பாக்ஸை முழுதாக நிறுத்திவிட்டுக் கேளுங்கள். பேஸ் திரும்பினால் அதுதான் காரணம். கூடவே, மொபைலின் அணுகல்தன்மை அமைப்பில் 'மோனோ ஆடியோ' என்று ஒன்று இருக்கும்; அதையும் போட்டுப் பாருங்கள். இடமும் வலமும் ஒன்றாகக் கலந்து வருவதால் எந்த ஒலியும் விடுபடாது.

கொருக்குப்பேட்டை_கேரம் | திங்கள், இரவு 8.45

வேலை முடிந்து வந்ததும் இரண்டையும் செய்தேன். ஒரு பாக்ஸை நிறுத்தியும் எந்த மாற்றமும் இல்லை. ஆனால் 'மோனோ ஆடியோ' போட்ட கணத்தில் இருந்த ஒலியும் அடியோடு நின்றுவிட்டது. மொபைலில் பாட்டு ஓடுகிறது, பாக்ஸில் மெல்லிய இரைச்சலைத் தவிர வேறொன்றும் இல்லை. பயந்துபோய் அதை எடுத்துவிட்டேன். இன்னொன்றும் தற்செயலாகத் தெரியவந்தது: பி-38 பின்னை ஓர் அரை சென்டிமீட்டர் வெளியே இழுத்துப் பிடித்தால் குரலும் கிக்கும் முழுதாக வருகின்றன, கையை விட்டு உள்ளே தள்ளினால் மறுபடி மறைகின்றன. துளை தேய்ந்துவிட்டதா?

மின்ட்_ஒலிக்காரர் | திங்கள், இரவு 10.15

தம்பி, துளை தேயவில்லை; பாக்ஸும் ஆம்பும் கோப்பும் நன்றாகவே இருக்கின்றன. அந்த அடாப்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். பின்னின் தண்டில் இரண்டு கருப்பு வளையம் இருக்கும். ஒரு வளையம் இருந்தால் மோனோ. இரண்டு இருந்தால் ஸ்டீரியோ. உங்கள் அடாப்டர் ஸ்டீரியோ; ஆனால் மிக்சரின் லைன் துளை அதை ஸ்டீரியோவாகப் படிப்பதில்லை.

மிக்சரின் அந்தத் துளை பேலன்ஸ்டு வகை. மேடையிலிருந்து நீளமாக வரும் ஒயர் வழியில் இரைச்சலை வாங்கிக்கொள்ளும் என்பதால், ஒரே ஒலியை நேராக ஒரு கம்பியிலும் தலைகீழாக மற்றொரு கம்பியிலும் அனுப்பி, மிக்சருக்குள் முதல் கம்பியிலிருந்து இரண்டாவதைக் கழிக்கிறார்கள். இரண்டு கம்பியிலும் சமமாக ஏறிய இரைச்சல் கழிந்துபோக, ஒலி மட்டும் நிற்கிறது. மொபைலிலிருந்து வருவதோ, நுனியில் இடப்பக்க ஒலி, இரண்டு கருப்பு வளையத்துக்கும் நடுவிலுள்ள உலோக வளையத்தில் வலப்பக்க ஒலி. மிக்சருக்கு அது தெரியாது. வழக்கம்போல் இடத்திலிருந்து வலத்தைக் கழித்துவிடுகிறது. தராசின் இரண்டு தட்டிலும் ஒரே எடையை வைத்தால் முள் அசையாதல்லவா, உங்கள் மிக்சர் அந்த முள்ளை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. இரு பக்கமும் சமமாக இருப்பதெல்லாம் அதற்கு இரைச்சல்; வித்தியாசமாக இருப்பது மட்டுமே பாட்டு.

கிளப் பாட்டுகள் இதில் அதிகம் அடிவாங்குவதற்குக் காரணம் உண்டு. பேஸும் கிக்கும் இரு பக்கமும் ஏறுமாறாக இருந்தால் இசைத்தட்டின் பள்ளத்திலிருந்து ஊசி துள்ளிவிடும் என்பதால், 12 அங்குலத் தட்டுகளின் காலத்திலேயே அவற்றை நடுவில் நிறுத்தும் பழக்கம் வேரூன்றிவிட்டது. முதன்மைக் குரலும் பெரும்பாலும் நடுவில்தான். ஆக, ஆடவைக்கும் உறுப்புகள்தாம் முதலில் கழிந்துபோகின்றன. இரு பக்கமும் விரிந்து நிற்கும் எதிரொலியும் சில சிந்தசைசர் ஒலிகளும் மிஞ்சுகின்றன. ராயபுரம் நண்பர் ஐயப்பட்டதும் முழுத் தவறில்லை: சுருக்கத்தின் குறைகளை வழக்கமாக மறைத்துவைப்பது அந்த நடு ஒலிதான், அது போனதும் நல்ல எம்பி3 கூடத் தண்ணீருக்குள் முங்கியதுபோல்தான் கேட்கும்.

'ஐ ஃபீல் லவ்' தப்பியதற்கும் இதே கணக்குதான். 1977இல் வெளிவந்த அந்தப் பாட்டை இசைத் தயாரிப்பாளர் ஜார்ஜியோ மொரோடர் குழு மியூனிக்கில் பதிவுசெய்தபோது, மூக் சிந்தசைசரில் வாசித்த பேஸ் வரியை ஒரு பக்கத்திலும், அதையே நொடியின் சிறு பகுதி தாமதித்து மறுபக்கத்திலும் வைத்தார்கள். இரண்டு பக்கமும் எந்தக் கணத்திலும் ஒன்றாக இல்லை என்பதால் கழித்தாலும் அது நிற்கிறது. கிக்கை மட்டும் சிந்தசைசரில் திருப்தியாகக் கொண்டுவர முடியாமல் கீத் ஃபோர்ஸி என்ற டிரம் கலைஞரை வாசிக்கவைத்தார்கள். உங்கள் மிக்சரில் பலியானது அவர் உழைப்புதான்.

மோனோ போட்டதும் ஒலி அடியோடு நின்றது ஏனென்று இனி நீங்களே சொல்லிவிடுவீர்கள்: இரு பக்கமும் அச்சாக ஒன்றானால் மீதி பூஜ்யம். பின்னைப் பாதி இழுத்தால் மிக்சரின் நுனித் தொடுமுனை உங்கள் நடு வளையத்தின் மேலும், மற்றது தரை (எர்த்) பகுதியின் மேலும் உட்காருவதால், வலப்பக்க ஒலி மட்டும் கழிக்கப்படாமல் போகிறது.

ஐயம் தீர ஒரு சோதனை சொல்கிறேன். 1960களின் தமிழ்த் திரைப்பாட்டு ஒன்றை, ஸ்டீரியோ என்று பின்னாளில் பூச்சு அடிக்காத மோனோ பதிப்பாகப் பார்த்து, பின்னை முழுதாக உள்ளே தள்ளி ஓட்டுங்கள்.

கொருக்குப்பேட்டை_கேரம் | செவ்வாய், இரவு 9.00

வளையம் இரண்டுதான், அண்ணா. அம்மா வழக்கமாகக் கேட்கும் டி. எம். சௌந்தரராஜன் பாட்டு ஒன்றை ஓட்டினேன். மிக்சரின் பச்சை விளக்கு ஒன்றுகூட ஏறவில்லை. பாட்டு முடியும்வரை பாக்ஸ் வாயே திறக்கவில்லை. அம்மா எட்டிப் பார்த்து, "இவ்வளவு பெரிய பெட்டியைக் கொண்டுவந்து எதற்கு ஊமைப்படம் காட்டுகிறாய்?" என்று கேட்டுவிட்டுப் போனார். இப்போது என்ன வாங்க வேண்டும்? ஒரு வளையம் உள்ள அடாப்டர் போதுமா?

மின்ட்_ஒலிக்காரர் | செவ்வாய், இரவு 9.40

போதாது. மோனோ அடாப்டரில் நடு வளையம் தரையோடு சேர்ந்துவிடுவதால், மொபைலின் வலப்பக்க வெளியீடு ஷார்ட் ஆகும். இடப்பக்கம் மட்டுமே கேட்கும். ஒரு பக்கம் ஸ்டீரியோ இபி பின்னும், மறுபக்கம் தனித்தனியாக இரண்டு மோனோ பி-38 பின்னும் உள்ள ஒயரை வாங்குங்கள். பர்மா பஜாரில் ஆயத்தமாகவே கிடைக்கும். இரண்டு பின்னையும் அடுத்தடுத்த இரு சேனல்களில் செருகி, இரண்டுக்கும் ஒரே அளவு ஒலி வையுங்கள். நீங்களே ஈயம் வைத்துப் பற்றவைப்பதானால், இபி நுனியிலிருந்து ஒரு பி-38இன் நுனிக்கு, இபி வளையத்திலிருந்து மற்றொரு பி-38இன் நுனிக்கு, தரை இரண்டுக்கும் பொது. ஒரே சேனல்தான் மிச்சம் என்றால், இடமும் வலமுமான கம்பிகளை அப்படியே முறுக்கிச் சேர்த்துவிடாதீர்கள். ஒவ்வொன்றின் வழியிலும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டரை வைத்து, அதற்குப் பிறகு ஒரு மோனோ பின்னில் சேருங்கள்.

சேனலின் ஒலி எந்தப் பக்கப் பாக்ஸுக்குப் போக வேண்டும் என்று வைக்கும் பான் குமிழை இடத்துக்கும் வலத்துக்கும் பிரித்து வைக்கச் சிலர் சொல்வார்கள். தெருவில் நான் அதைச் செய்ய மாட்டேன். பாக்ஸ் இரண்டும் இருபது முப்பது அடி தள்ளி நிற்கும். ஒரு பாக்ஸின் அருகில் ஆடுபவருக்குப் பாதிப் பாட்டுதான் கேட்கும். 'ஐ ஃபீல் லவ்' ஓடினால் ஒரு பக்கக் கூட்டம் அடியையும் மறுபக்கக் கூட்டம் அதன் எதிரொலியையும் கேட்டு ஆடும். இரண்டு குமிழையும் நடுவில் வையுங்கள்.

புளியந்தோப்பு_கீபோர்டு | புதன், காலை 6.50

இடையில் ஒரு கேள்வி. என் கீபோர்டின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து இதேபோல் இரண்டு வளைய ஒயரை மிக்சருக்குக் கொடுக்கிறேன். பியானோ ஒலி மட்டும் மெலிந்து, உள்ளே ஓடிப்போகிறது. இதே கதைதானா?

மின்ட்_ஒலிக்காரர் | புதன், காலை 7.30

இதே கதைதான், நண்பரே. ஹெட்ஃபோன் துளையை விட்டுவிட்டு, பின்புறம் 'எல் / மோனோ' என்று எழுதிய துளை இருந்தால் அதிலிருந்து எடுங்கள். அதில் மட்டும் செருகினால் பெரும்பாலான கீபோர்டுகள் இரு பக்கத்தையும் தாமே கூட்டிக் கொடுக்கும்.

கொருக்குப்பேட்டை_கேரம் | வெள்ளி, இரவு 9.15

பர்மா பஜாரில் ஒயர் கிடைத்தது; பாட்டுகளும் திரும்பக் கிடைத்தன. முதலில் ஓட்டியது, மும்பை இசைக்கலைஞர் சரண்ஜித் சிங் 1982இல் ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து வெளியிட்ட இசைத்தட்டின் பைரவ் ராகம். டிஆர்-808 டிரம் இயந்திரம், டிபி-303 பேஸ் சிந்தசைசர் ஆகிய கருவிகளோடு அவர் செய்தது அன்று கவனிக்கப்படாமல் போய், 2010இல் மறுபதிப்பு வந்த பிறகே, சிகாகோவின் ஆசிட் ஹவுஸ் என்ற கிளப் இசை வகைக்கு முன்பே இப்படி ஒன்று நம் நாட்டில் இருந்ததா என்று உலகம் வியந்தது. ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு பேஸ் வழுக்கி இறங்கியபோது பலகையில் போட்டிருந்த போரிக் மாவு நடுங்கியதைக் கண்ணால் பார்த்தோம்.

ஒன்றே ஒன்று மிச்சம். எங்கள் மன்றத்துத் தம்பி ஒருவன் கணினியில் தானே செய்த ரீமிக்ஸில் இப்போது கிக்கும் குரலும் வருகின்றன. ஆனால் அவன் ஆசையாகப் போட்ட அகன்ற சிந்தசைசர் ஒலி காணவில்லை.

மின்ட்_ஒலிக்காரர் | வெள்ளி, இரவு 10.05

முன்பு கழித்ததில் நடு போயிற்று. இப்போது கூட்டுவதில் அகலம் போகிறது. ஒலியை விரிப்பதற்கான ஸ்டீரியோ வைடனரை அந்தத் தம்பி முழு அளவுக்கு ஏற்றியிருப்பான். அது ஒரு பக்கத்தை மற்றதன் தலைகீழாக்கிவிடுகிறது, கூட்டினால் பூஜ்யம். வைடனரைப் பாதிக்கும் கீழே இறக்கி, 'மோனோ ஆடியோ' போட்ட ஹெட்ஃபோனிலேயே சரிபார்த்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். அந்தச் சோதனைக்கு பாக்ஸே தேவையில்லை. ஞாயிறன்று பட்டியலை இரவு 10 மணிக்குள் முடித்துவிடுங்கள். அதற்கு மேல் திறந்தவெளியில் பாக்ஸ் ஓட்ட விதிமுறையில் இடமில்லை.

கொருக்குப்பேட்டை_கேரம் | வெள்ளி, இரவு 10.20

சொல்லிவிட்டேன், அண்ணா. அவன் இறக்கிக்கொண்டிருக்கிறான். அம்மாவின் பாட்டையும் பட்டியலில் ஏழாவதாகச் சேர்த்திருக்கிறேன்.