பிக்சல் லைட் கட்டியவர்கள் சொல்லுங்கள்: எந்த சிப், என்ன கூத்து?

கொட்டாஞ்சேனை:
கொழும்புப் புறக்கோட்டையில் பிக்சல் சுருள் (உள்ளிருக்கும் சிப்கள் வழியாகத் துண்டு துண்டாக நிறம் மாற்றக்கூடிய எல்ஈடி பட்டி) கேட்டால், "5 வோல்ட்டா, 12 வோல்ட்டா?" என்று மட்டும் கேட்டு எடுத்துத் தந்துவிடுவார்கள். சிப் எது என்று வாங்குகிறவரும் கேட்பதில்லை. எங்கள் ஒழுங்கைக் கோயில் திருவிழாவுக்குத் தம்பிமார் 12 வோல்ட் சுருள் ஒன்று கட்டினார்கள். மீட்டருக்கு 60 லைட், 5 மீட்டர். லைட்டை ஆட்டுவிக்கும் கொன்ட்ரோலரில் பிக்சல் எண்ணிக்கை 300 என்று அடித்தார்கள். ஓடும் புள்ளி விறுவிறுவென்று கடைசிவரை போகும். அப்புறம் நெடுநேரம் இருட்டு. பிறகு மறுபடி வரும். கொன்ட்ரோலர் பழுது என்று கழற்றவே போய்விட்டார்கள். சுருளைக் கையில் எடுத்துப் பார்த்தால் மூன்று லைட்டுக்கு ஒரு கறுப்புச் சிப், வெட்டும் கோடும் மூன்றுக்கு ஒன்று. அந்தச் சிப் டபிள்யூஎஸ்2811. மூன்று லைட்டும் சேர்ந்துதான் ஒரு பிக்சல், ஆகவே இருப்பது 100. மிச்ச 200 இடத்திலும் புள்ளி இல்லாத லைட்டில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது!

வெள்ளவத்தை:
நிறம் மாறினாலும் உடனே கடைக்கு ஓட வேண்டாம். லைட்டுக்கு ஒரு சிப் உள்ள டபிள்யூஎஸ்2812பி (சுருக்கமாக 2812பி) தரவை வாங்கும் வரிசை பச்சை, சிவப்பு, நீலம். சிவப்புக் கேட்டால் பச்சை எரிவது பெரும்பாலும் அதனால்தான். செட்டிங்கில் வரிசையை மாற்றினால் தீரும். லைட்டுக்கு லைட் நிறம் வேறாக வந்தால்தான் யோசிக்க வேண்டும். 2812பி என்று சொல்லி எனக்கு விற்ற சுருளில் முழுச் சிவப்புப் போட்டேன். முதலாவது சிவப்பு, அடுத்தது வெளிறிய பச்சை, மூன்றாவது நீலம், மறுபடி சிவப்பு. உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு லைட்டிலும் ஒரு பாதி மஞ்சள். அது வெள்ளையும் சேர்ந்த எஸ்கே6812. நிறத்துக்கு 8 பிட்டாக, மூன்று நிறத்துக்குப் பிக்சலுக்கு 24 பிட் அனுப்பினால் அது நாலு நிறத்துக்கு 32 பிட் எடுத்துக்கொள்ளும், அடுத்தவனின் பங்கிலிருந்து 8! கடைக்காரருக்கும் வித்தியாசம் தெரியாது போல, பாவம்.

பம்பலப்பிட்டி:
மேசையில் நன்றாக எரிந்து, கூரையில் ஏற்றியதும் மினுக்கும் லைட்டைப் பார்த்திருப்பீர்கள். லைட்டுக்குத் தரவு அனுப்பும் ஈஎஸ்பி32 போர்டின் சிக்னல் 3.3 வோல்ட். 5 வோல்ட்டில் ஓடும் 2812பியின் தரவுத்தாள் கேட்பது அதில் 0.7 பங்கு, அதாவது 3.5 வோல்ட். குட்டை வயரில் எப்படியோ தப்பிவிடும், வயர் நீண்டால் மாட்டிக்கொள்ளும். 74எச்சிடி245 சிப் ஒன்றை நடுவில் போட்டால் சிக்னல் 5 வோல்ட்டுக்கு ஏறிவிடும். நண்பர் ஒருவர் சுருளையே மாற்ற நினைத்தார், இந்தச் சின்னச் சிப்போடு வேலை முடிந்தது. வெள்ளை போட்டால் கடைசிப் பக்கம் மட்டும் மஞ்சளாக வருவது வேறு விஷயம். அங்கே வோல்ட் இறங்கியிருக்கிறது. முழு வெள்ளையில் 2812பி ஒன்றுக்கு ஏறக்குறைய 60 மில்லி அம்பியர், 300க்கு 18 அம்பியர். ஒரு முனையில் மட்டும் கரண்ட் கொடுத்தால் எப்படிப் போய்ச் சேரும்?

கிராண்ட்பாஸ்:
எங்கள் பக்கம் வெசாக் தோரணத்தில் (பெரிய மின்விளக்கு அலங்காரப் பந்தல்) வேலை செய்த ஐயா ஒருவரிடம் பிக்சல் சுருளைக் காட்டினேன். அவர் காலத்தில் மோட்டரில் சுழலும் உருளை, அதில் தொட்டு விலகும் தகடுகள், பல்ப் வரிசைக்கு வரிசை தனித்தனி வயர். "இத்தனை லைட்டுக்கும் ஒரே வயரா?" என்று திருப்பித் திருப்பிக் கேட்டார். முதல் பிக்சல் தன் 24 பிட்டை வைத்துக்கொண்டு மிச்சத்தைப் பின்னால் தள்ளும், இரண்டாவதும் அப்படியே என்றேன். "அப்போ நடுவில் ஒன்று செத்தால்?" சரியான கேள்வி. 2812பியில் அதற்குப் பின்னால் எல்லாம் போச்சு. டபிள்யூஎஸ்2815இல் இரண்டாவது தரவு வயர் இருப்பதால் ஒன்று செத்தாலும் அடுத்தது வாங்கிக்கொள்ளும்.

அந்த வரிசைக்கு வேகத்திலும் ஒரு விலை உண்டு. பிட்டுக்கு 1.25 மைக்ரோ செக்கன், பிக்சலுக்கு 30. ஒரே வயரில் 1000 கோத்தால் ஒரு படம் (எல்லாப் பிக்சலின் நிறமும் ஒரு தடவை) அனுப்பவே 30 மில்லி செக்கன். செக்கனுக்கு 33 படத்துக்கு மேல் வராது. பெரிய தோரணம் என்றால் நாலைந்து போர்ட்டாக, அதாவது தனித்தனித் தரவு வயராகப் பிரிப்பதுதான் வழி. கட்டடச் சுவர் மாதிரி தூரமான வேலைக்கு நான் டிஎம்எக்ஸ்512 (மேடை விளக்குகளை இயக்கும் தரவு முறை) பக்கம் போவேன். ஆர்எஸ்-485 என்ற சிக்னல் முறையில் வயரில் நெடுந்தூரம் போகும். ஆனால் ஒரு லைனில் 512 சனல்தான், நிறத்துக்கு ஒரு சனலாக மூன்று நிறம் என்றால் 170 பிக்சலோடு சரி.