துபாய் பள்ளிச் செலவு: கட்டணம் போக எவ்வளவு எடுத்து வைக்கணும்?

எல்லோருக்கும் வணக்கம். கணவருக்கு துபாயில் வேலை உறுதியாகிவிட்டது. மகள் ஆறாம் வகுப்பு, மகன் ஒன்றாம் வகுப்பு. அலுவலகத்தில் படிப்புக்கென்று ஒரு தொகை தருகிறார்கள், ஆனால் அது கல்விக் கட்டணத்துக்கு மட்டும்தான். மீதி எல்லாம் எங்கள் கையிலிருந்து.

ஒவ்வொரு பள்ளியின் கட்டணமும் துபாயில் தனியார் பள்ளிகளை மேற்பார்வையிடும் அரசு அமைப்பான கே.எச்.டி.ஏ.வின் தளத்தில் இருக்கிறது, பார்த்துவிட்டேன். பிரிட்டிஷ் பாடத்திட்டம் நமக்குக் கட்டுப்படியாகாது, அதனால் ஏப்ரலில் தொடங்கும் சி.பி.எஸ்.இ. பள்ளிகளைத்தான் பார்க்கிறோம். வகுப்பு ஏற ஏறக் கட்டணமும் ஏறுகிறது என்பதால் இந்த வருஷக் கணக்கை வைத்து ஐந்து வருஷத்துக்குத் திட்டம் போட முடியவில்லை.

என்னைத் தூங்கவிடாதது மற்ற செலவுகள்தான். பள்ளிப் பேருந்துக்கு இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து வருஷத்துக்கு எவ்வளவு ஆகிறது? பள்ளிக்குப் பக்கத்தில் கொஞ்சம் அதிக வாடகைக்கு வீடு எடுத்தால் அது மிச்சமாகுமா? சீருடை, புத்தகம், டேப்லெட் எல்லாம் முதல் மாதமே வாங்கியாக வேண்டுமா? சீருடைக்கு 5 சதவீத வாட் வரி வேறு உண்டு. கட்டணத்துக்குப் பின்தேதியிட்ட (வரப்போகும் தேதி போட்ட) காசோலை கேட்பார்கள் என்கிறார்கள். வங்கிக் கணக்கு தொடங்கும் முன் வந்தவர்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?

அப்புறம் ஒன்று. அங்குள்ள பணமான திர்ஹாமின் மதிப்பு அமெரிக்க டாலரோடு நிலையாகப் பிணைக்கப்பட்டது. ரூபாய் சரிந்தால் ஊரிலிருந்து கொண்டுபோகும் சேமிப்பு அங்கே சுருங்கிவிடும். முதல் வருஷப் பணத்தை இப்போதே மாற்றி வைப்பது நல்லதா?

அங்கே பிள்ளைகளைப் படிக்க வைக்கும் அக்கா, அண்ணன்மார் உங்கள் முதல் வருஷக் கணக்கைத் தோராயமாகச் சொன்னாலே போதும். தனிச்செய்தியிலும் அனுப்பலாம்.